இருமலும் விசிலும்

அப்பா வைத்திருந்த மதுரை மணி ஐயர் கேசட்டில் ஒருவர் இருமுவார். ஆலாபனை மெல்ல ஏறி மேல் சட்ஜத்தைத் தொட்டு நிற்கும்போது, சரியாக அந்த இடத்தில், இரண்டு முறை. மணி ஐயர் கச்சேரிகளை அந்தக் காலத்து ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்தார்கள். ஸ்பூலிலிருந்து கேசட்டுக்கும், அந்தக் கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கும் மாறி, எத்தனையோ கை கடந்து எங்கள் வீட்டுக்கு வந்த நாடா அது. பெரம்பூர் ஐ.சி.எஃப். குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலையானால் அது ஓடும். இருமலுக்கு ஒரு நொடி முன்னால் அப்பா வலது கையை லேசாகத் தூக்குவார். இருமல் வரும். கையை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். இருமியவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எங்களுக்குத் தெரியாது. மணி ஐயர் 1968-லேயே காலமாகிவிட்டார். இருமியவரும் போய்ச் சேர்ந்திருப்பார். ஆனாலும் வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

லைவ் ரெக்கார்டிங் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தந்தது அந்த இருமல்தான்.

மாடி வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. பெரம்பூரில் அப்போது அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. அந்த வீட்டு அண்ணன் லோகோ ஒர்க்ஸில் அப்ரன்டிஸ். 1995 கோடை விடுமுறையில் அவர் என்னிடம் ஒரு டிடிகே கேசட்டைக் கொடுத்து, ‘கேட்டுட்டுக் குடு, ஹெட்டைத் தொடச்சுட்டுப் போடு’ என்றார். பச்சை மையில் எழுதியிருந்தது: அயர்ன் மெய்டன், லைவ் ஆஃப்டர் டெத். 1985 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லாங் பீச் அரீனாவில் நான்கு இரவுகள் அந்த ஆங்கில ஹெவி மெட்டல் குழு நடத்திய கச்சேரிகளிலிருந்து எடுத்த ஆல்பம். எல்.பி.யின் நான்காவது பக்கத்தை மட்டும் அதற்கு முந்தைய ஆண்டு லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியனில் பதிந்ததிலிருந்து சேர்த்திருந்தார்கள். முழு ஆல்பம் 100 நிமிடத்தைத் தாண்டும். அண்ணனின் கேசட்டோ 90 நிமிடம். கடைசிப் பாட்டுகள் அதில் இல்லை. ஒரு பாட்டின் நடுவிலேயே ‘டக்’கென்று நாடா நின்றுவிடும். அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது பாட்டைவிடக் கூட்டம்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் ஊர்ப் பெயரைச் சொல்லி, எனக்காகக் கத்துங்கள் என்று கேட்பார். ‘லாங் பீச்’ என்று அவர் வாயிலிருந்து வந்த மறுநொடி பல்லாயிரம் பேர் கத்துவார்கள். அந்தப் பெயரை நான் அட்லஸில் தேடிக் கண்டுபிடித்தேன். பசிபிக் கடலோரம், லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே ஒரு சின்னப் புள்ளி. கத்தியவர்களில் ஒருவன் என் வயதுக்காரனாக இருந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். அவன் குரல் பெரம்பூரில் கேட்கிறது என்பது அவனுக்குத் தெரியாதே என்று வருத்தமாகக்கூட இருக்கும்.

அப்பா அந்தக் கேசட்டைத் தடுத்ததே இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். கோயில் கொடைகளில் நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காது. ஒருநாள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்று கேட்டார். ஸ்டீவ் ஹாரிஸ் விரல்களால் பேஸ் கிட்டாரை மீட்டுகிற அந்த நடை, ஒரு நீளமும் இரண்டு குட்டியுமாக, தா-தக தா-தக என்று ஓடிக்கொண்டிருந்தது. ‘குதிரை ஓடுது’ என்றார். பிறகு, ‘எத்தனை ஆயிரம் பேருல இருப்பான்?’ என்று கேட்டார். அவருக்கும் காது கூட்டத்தின் மேல்தான்.

அயர்ன் மெய்டன் 1975 கடைசியில் கிழக்கு லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய குழு. டிக்கின்சன் 1993-இல் விலகியதும், கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித்தோடு 1999-இல் திரும்பி வந்ததும், அதன் பிறகு குழுவில் மூன்று கிட்டார்கள் ஆனதும் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு முக்கியமானது வேறொரு தேதி. 2007 மார்ச் 17. அன்று அவர்கள் முதன்முதலாக இந்தியாவுக்கு வந்து பெங்களூர் பேலஸ் மைதானத்தில் வாசித்தார்கள். சென்னையிலிருந்து ஆறு மணி நேரப் பயணம். அன்றைக்குத்தான் என் தங்கையின் நிச்சயதார்த்தம். வியாசர்பாடியில் மைக்செட் வைத்திருந்த என் நண்பன்தான் மண்டபத்துக்கு ஸ்பீக்கர் கட்டினான். அவனும் மெய்டன் பைத்தியம். சாயங்காலம் பந்தியில் அவன் எனக்கு எதிரே உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டே, ‘இப்ப ஆரம்பிச்சிருப்பாங்கடா’ என்றான். இரண்டு பேரும் அதற்கு மேல் பேசவில்லை.

பத்து மாதம் கழித்து அவர்கள் மறுபடி வந்தார்கள், இந்த முறை சொந்த விமானத்தில். போயிங் 757 ஒன்றை வாடகைக்கு எடுத்து, பின்பக்க இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மேடைச் சாமான்கள் சுமார் 12 டன் ஏற்றினார்கள். ஓட்டியவர் பாடகர் டிக்கின்சனேதான். அவர் பயணிகள் விமானம் ஓட்டும் உரிமம் பெற்ற விமானி. 45 நாளில் 23 கச்சேரி, ஐம்பதாயிரம் மைல். கனடாவைச் சேர்ந்த சாம் டன், ஸ்காட் மெக்ஃபேடியன் என்ற இரண்டு இயக்குநர்கள் படக்குழுவோடு கூடவே பறந்தார்கள். முதல் கச்சேரி மும்பையில், 2008 பிப்ரவரி 1, வெள்ளிக்கிழமை.

நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். நான், மைக்செட் நண்பன், என்னோடு அறையில் தங்கியிருந்த கொல்கத்தாக்காரன் ஒருவன். சென்ட்ரலில் ரயில் ஏறி, ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் என்று ஒரு பகலும் ஓர் இரவும். எங்கள் பெட்டியில் இன்னும் நான்கு கறுப்பு டீ-ஷர்ட்டுகள் இருந்தன. யாரும் யாரையும் அறிமுகம் செய்துகொள்ளவில்லை. மைக்செட் நண்பன் மேல் பெர்த்தின் விளிம்பில் விரலால் தா-தக தா-தக போட்டான். கக்கூஸ் பக்கம் நின்றிருந்த ஒருவன் அங்கிருந்தே மீதி மெட்டை முணுமுணுத்தான். அவ்வளவுதான், ராய்ச்சூர் தாண்டுவதற்குள் ஏழு பேரும் ஒரே பொட்டலத்தில் இட்லி தின்றுகொண்டிருந்தோம்.

மும்பை சயானில் சித்தி வீடு. கதவைத் திறந்ததும் சித்தி கேட்ட முதல் கேள்வி: ‘ஏல, பாட்டுக் கேக்கதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தே? மெட்ராஸ்ல இல்லாத பாட்டா?’ கூட வந்தவர்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு அரிசி அளக்கப் போய்விட்டாள். மறுநாள் சாயங்காலம் தாராவி வழியாகப் போனோம். தமிழில் எழுதிய கடைப் பலகைகள், டீக்கடையில் நெல்லைப் பேச்சு. மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸின் கண்ணாடிக் கட்டடங்கள். அவற்றுக்கு நடுவே புழுதி பறக்கும் திறந்த மைதானம். இந்தப் பக்கம் குடிசைகளும் அந்தப் பக்கம் வங்கிகளுமாக, நடுவில் ஆயிரக்கணக்கில் கறுப்புச் சட்டைகள். அஸ்ஸாமிலிருந்தும் நாகாலாந்திலிருந்தும் மூன்று நாள் ரயிலில் வந்த பையன்களை அங்கே பார்த்தேன். என் ஒரு பகல், ஓர் இரவுப் பயணத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.

மெய்டன் மேடையேறுவதற்கு முன்னால் எப்போதும் யுஎஃப்ஓ என்ற பழைய ஆங்கிலக் குழுவின் ‘டாக்டர் டாக்டர்’ பாட்டை ஸ்பீக்கரில் போடுவார்கள். ரசிகனுக்கு அது கோயில் மணி மாதிரி. அது முடிந்தது. விளக்குகள் அணைந்தன. சர்ச்சிலின் குரல் வந்தது.

அந்த நிமிடத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ‘ஏசஸ் ஹை’ என்ற பாட்டு, 1940-இல் இங்கிலாந்தின் வானத்தில் ஜெர்மன் விமானங்களை எதிர்த்துப் பறந்த பிரிட்டிஷ் விமானிகளைப் பற்றியது. அதற்கு முகவுரையாக, அந்த ஆண்டு ஜூனில் சர்ச்சில் ஆற்றிய உரையின் ஒரு துண்டை ஒலிக்க விடுவார்கள். லைவ் ஆஃப்டர் டெத்தும் அப்படித்தான் தொடங்குகிறது. எனக்குப் பதினைந்து வயதிலிருந்து மனப்பாடம். ஆனால் அந்தக் குரலை இந்திய மண்ணில், இந்தியக் கூட்டத்தின் நடுவே நின்று கேட்பது வேறு. 1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள். அப்போது லண்டனில் ஆட்சியில் இருந்தவர் இதே சர்ச்சில். என்னைச் சுற்றி எல்லோரும் கைகளைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள், நானும்தான். கொல்கத்தா நண்பன் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு, மேடையை நேராகப் பார்த்தபடி, அசையாமல் நின்றான். அவன் பாட்டி அந்தப் பஞ்சத்தில் தன் தம்பியைப் பறிகொடுத்தவள் என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தான். உரை முடிந்தது. கிட்டார் தொடங்குவதற்கு முன்னால் ஒரு கணம், மூச்சிழுக்கிற நேரம், மேடையிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை.

அந்த இடைவெளியில்தான் மைக்செட் நண்பன் விசிலடித்தான். பிருந்தா தியேட்டரில் ரஜினி படத்துக்கு முதல் நாள் முதல் காட்சியில் அடித்துவந்த அதே விசில். நாக்கை மடித்து இரண்டு விரலை வைத்து, நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு. அடுத்த நொடி மேடை வெடித்தது. கொல்கத்தா நண்பன் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. எதற்காக என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பிறகு நடந்ததைத் தொடர்ச்சியாகச் சொல்ல எனக்கு வராது. எகிப்தியக் கோபுரம் மாதிரி மேடை; அது 1984-இல் வந்த பவர்ஸ்லேவ் ஆல்பத்தின் நினைவு. பேஸ் ட்ரம்மின் ஒவ்வொரு அடிக்கும் சட்டைத் துணி நெஞ்சில் வந்து ஒட்டியது. ட்ரம்மர் நிக்கோ மெக்பிரெய்னுக்கு அப்போது வயது 55. பேஸ் ட்ரம்முக்கு ஒரே ஒரு மிதி, ஒரே ஒரு கால். அதற்குள் அத்தனையும் வாசித்துவிட்டார். கோலரிட்ஜின் நெடுங்கவிதையை வைத்து ஹாரிஸ் எழுதிய ‘ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்’ 13 நிமிடத்துக்கும் மேல். அதன் நடுவே எல்லாம் அடங்கி, கப்பல் மரம் முனகுகிற சத்தம் மட்டும் வரும். மேடையில் புகை. இத்தனை பேர் இருந்தும் மைதானம் அடங்கிவிட்டது. தூரத்தில் ஏதோ சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிணங்களோடு நடுக்கடலில் தனியாக நிற்கிற மாலுமிக்குப் பக்கத்தில் அந்த லாரி போனதாகவே எனக்குப் பட்டது. இன்று வரை அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்த இடத்தில் எனக்கு லாரி ஹாரன் கேட்கிறது.

நள்ளிரவில் நடந்தே திரும்பினோம். தொண்டை போய்விட்டது, காதுக்குள் கொய்யென்ற சத்தம். சித்தி மீன் குழம்பை மூடி வைத்துவிட்டு விழித்திருந்தாள். அவள் கேட்ட எதற்கும் எங்கள் மூன்று பேரிடமிருந்தும் பதில் இல்லை. ‘காது அடைச்சிட்டா, இல்ல வாய் அடைச்சிட்டா?’ என்று கேட்டுக்கொண்டே சோறு போட்டாள்.

2009 மே மாதம் அந்தப் பயணத்தின் லைவ் ஆல்பம் வந்தது. ‘ஃப்ளைட் 666’, இரண்டு சிடி. டன்னும் மெக்ஃபேடியனும் எடுத்த படமும் அதே பெயரில். நுங்கம்பாக்கத்தில் வாங்கி, பஸ்ஸிலேயே பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் பின்பக்கத்தைப் படித்தேன். ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் ஓர் ஊர்ப் பெயர். பதினாறு பாட்டு, பதினாறு ஊர். ஓர் ஊருக்கு ஒரு பாட்டு என்று பங்கு வைத்திருந்தார்கள். முதல் பாட்டு ‘ஏசஸ் ஹை’. பக்கத்தில், மும்பை.

சந்தோஷப்பட்டேனா என்றால், முதல் நிமிடம் பட்டேன். மறுநிமிடம் கண் கீழே ஓடியது. ‘ரைம்’ எங்கே? நியூ ஜெர்ஸிக்குப் போயிருந்தது. ‘ஃபியர் ஆஃப் த டார்க்’ பியூனஸ் ஐரெஸுக்கு, ‘பவர்ஸ்லேவ்’ கோஸ்டாரிகாவுக்கு, கடைசிப் பாட்டான ‘ஹாலோட் பி தை நேம்’ டொராண்டோவுக்கு. எங்களுக்கு ஐந்து நிமிடம்கூட நிறையாத ஒரே பாட்டு. நான் கேட்ட அந்த லாரி எந்தச் சிடியிலும் இல்லை.

அன்றிரவு மைக்செட் நண்பனின் கடையில் கூடினோம். பழைய ஆம்ப்ளிஃபயர்களும், கல்யாண சீசனுக்காகச் சுருட்டி வைத்த ஒயர்களும், கூம்பு ஸ்பீக்கர்களும் நிறைந்த இடம். ஏழெட்டுப் பேர் இருந்தோம். கேட்டு முடிப்பதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. மெய்டன் ரசிகர்கள் கூடிய இடமெல்லாம் அந்த நாட்களில் இதே சண்டைதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒருவன் சொன்னான்: ‘இது கச்சேரியே இல்ல. ஒட்டுப்போட்ட சட்டை. கச்சேரின்னா ஒரு ராத்திரி, ஒரு ஊரு, ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் ஒரே மூச்சு.’ இன்னொருவன் குரலைப் பிடித்துக்கொண்டான். 1985-இல் டிக்கின்சனுக்கு வயது 26, இந்தப் பதிவில் 49. லாங் பீச்சில் கத்திபோல ஏறிய அந்த மேல்ஸ்தாயி இங்கே தடித்துப் போய்விட்டது என்றான். மூன்றாமவனுக்குப் பாட்டுப் பட்டியல் மேல் கோபம். முந்தைய பயணத்தில் புது ஆல்பம் முழுவதையும் மேடையில் துணிந்து வாசித்தவர்கள், இந்தப் பயணத்தில் 1992-க்குப் பிறகு எழுதிய ஒரு பாட்டைக்கூடத் தொடவில்லை. இப்படியே போனால் பழைய பாட்டுக் கச்சேரிக்காரர்கள் ஆகிவிடுவார்கள் என்றான். அவனுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. பழைய பாட்டுகளை மேடையில் பார்க்காத எத்தனையோ பேருக்கு, இந்தியாவிலும் தென் அமெரிக்காவிலும், அதைக் கொண்டுவந்து காட்டத்தானே அந்த விமானம் பறந்தது என்று நான் சொன்னேன். பதின்மூன்று வருஷமாகக் கேசட்டில் மட்டுமே கேட்டவனுக்கு அது பழைய பாட்டு இல்லை.

குரல் பற்றி இரண்டாமவன் சொன்னது எனக்கு முள்ளாகத் தைத்தது, ஏனென்றால் உண்மை. ‘ஏசஸ் ஹை’ பாடகனைக் கொல்கிற பாட்டு. எடுத்த எடுப்பிலேயே உச்சி, குரல் இன்னும் சூடேறியிருக்காது. மும்பையில் அது அன்றைய கச்சேரியின் முதல் பாட்டு மட்டுமல்ல, 45 நாள் பயணத்துக்கே முதல் பாட்டு. லண்டனிலிருந்து விமானத்தைக் கொண்டுவந்து இறக்கிய மனிதர் தொண்டையைத் திறக்கிற முதல் தடவை. சிடியில் அந்தத் திணறல் கேட்கிறது, சில இடங்களில் அவர் மூச்சைத் தேடுகிறார். இசையாகப் பார்த்தால் லாங் பீச் பதிவே உயர்ந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் மும்பைப் பதிவைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். அந்தத் திணறலை நான் நேரில் பார்த்தேன். ஓடிவந்து ஸ்பீக்கர் பெட்டி மேல் காலை வைத்து, கழுத்து நரம்பு புடைக்க அவர் அந்தச் சுரத்தை எட்டிப் பிடித்ததைப் பார்த்தவன், எட்டவில்லை என்று யாராவது சொன்னால் எப்படி ஒத்துக்கொள்வான்?

மைக்செட் நண்பன் அதுவரை ஒன்றும் பேசவில்லை. அவன் கவனம் வேறு எங்கோ. ‘கூட்டத்தை எப்படிப் பிடிச்சிருக்கான் பாரு’ என்றான். பிறகு அவன் தொழிலை வைத்து விளக்கினான். மேடையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு மைக், ஒவ்வொரு தடம். கூட்டத்துக்கென்று தனியாக மைக்குகள், மேடை ஓரத்திலிருந்து மக்களைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார்கள். அவையும் தனித் தடங்கள். பாட்டு ஓடும்போது அவற்றை இறக்கி வைத்து, இடைவெளியில் ஏற்றுவார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் பின்னால் நிற்கிறவனுக்கு ட்ரம் அடி கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதமாகப் போய்ச் சேரும். அவன் கைதட்டல் மேடைக்குத் திரும்பி வர இன்னொரு 0.3. அதனால்தான் பெரிய மைதானத்தில் கூட்டம் எப்போதும் பாட்டுக்குப் பின்னாலேயே ஓடிவருகிற மாதிரி இருக்கும். கலவை செய்கிறவர் அந்தத் தடத்தை முன்னே நகர்த்தி ஒட்ட வைப்பதும் உண்டு. ‘நாம எங்கயோ நின்னோம், நம்ம சத்தத்தை இழுத்துட்டு வந்து பாட்டோட பக்கத்துல உக்கார வச்சிருக்கான்’ என்றான். அதை அவன் சொன்ன விதத்தில், யாரோ முகம் தெரியாத ஒருவர் தனக்கு மரியாதை செய்துவிட்டதுபோல ஒரு நெகிழ்ச்சி இருந்தது.

அப்புறம்தான் நான் அந்த இடத்தைத் திரும்பப் போட்டேன். சர்ச்சில் முடிகிறார். மூச்சிழுக்கிற நேரம். கூட்டத்தின் இரைச்சலுக்குள்ளே, இடது ஸ்பீக்கரில், நீளமாக ஒரு விசில். அதன் வாலில் ஏதோ இரண்டு குட்டித் துண்டுகள், கிட்டார் வந்து மூடிவிடுகிறது.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டினான். ‘இருக்காதுடா. நாம மேடையிலேருந்து அம்பது மீட்டராவது தள்ளி நின்னோம். அந்த மைக்குக்குப் பக்கத்துல ஆயிரம் பேரு. ஆயிரத்துல நூறு பேராவது விசிலடிச்சிருப்பான்.’ தொழில் தெரிந்தவன் சொன்னால் அதுதான் சரி. ஆனால் சொல்லிவிட்டு அவனே எழுந்து போய், அந்த இடத்தை மறுபடி போட்டான். பிறகு இன்னொரு முறை.

படத்தை அதற்கு அடுத்த வாரம் பார்த்தோம். கொலம்பியாவின் பொகோட்டாவில் நாட்கணக்காகத் தெருவில் கூடாரமடித்துக் காத்திருந்த பையன்களைக் காட்டுகிறார்கள். கச்சேரி முடிந்தபின் ஒருவன் கையில் நிக்கோ எறிந்த ட்ரம் குச்சி. அதை மார்போடு வைத்துக்கொண்டு, முகத்தை மறைக்காமல், வார்த்தையே இல்லாமல் அழுகிறான். கேமரா அவனை விட்டு நகரவில்லை. கடையில் அதுவரை வாயடித்துக்கொண்டிருந்த எல்லோரும் அடங்கிவிட்டோம். ஒட்டுப்போட்ட சட்டை என்று சொன்னவன்தான் முதலில் பேசினான்: ‘இவன் ஊருக்கு எந்தப் பாட்டு?’ உறையைப் பார்த்தோம். ‘ரன் டு த ஹில்ஸ்’. போடச் சொன்னான். கேட்டோம். அந்தக் கூட்டத்தில் அழப்போகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தபின், அந்தப் பாட்டு வேறு பாட்டாகக் கேட்டது. பியூனஸ் ஐரெஸ் கூட்டம் ‘ஃபியர் ஆஃப் த டார்க்’கின் கிட்டார் மெட்டைச் சொல்லே இல்லாமல் மொத்தமாகப் பாடுகிறது, நாங்களும் மும்பையில் அதைப் பாடினோம், ஆனால் அவ்வளவு அகலமாக இல்லை. அந்தப் பாட்டை அந்த ஊருக்குக் கொடுத்தது சரிதான் என்று அன்றைக்கு மனம் ஒப்பியது. ஒவ்வோர் ஊர்க்காரனும் பதினைந்து பாட்டை விட்டுக்கொடுத்து ஒரு பாட்டில் உட்கார்ந்திருக்கிறான். பொகோட்டாக்காரனும் ‘ரைம்’ எங்கே என்று தேடித்தான் இருப்பான்.

கொல்கத்தா நண்பன் அப்போது வேலை மாறி ஹைதராபாத் போயிருந்தான். போனில் கேட்டேன், சிடி வாங்கினாயா என்று. வாங்கினேன் என்றான். முதல் தடத்தைத் தாண்டிவிட்டு, கிட்டார் தொடங்கும் இடத்திலிருந்துதான் கேட்பானாம். சர்ச்சில் தனித் தடமாக இருப்பது நல்லதாகப் போயிற்று என்றான். ‘அப்ப விசிலு?’ என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘விசிலுக்காக ஒருநாள் கேப்பேன்’ என்றான்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அயனாவரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். மணி ஐயர் கேசட் அதற்குள் நாடா தேய்ந்து, ஒரு பக்கம் குழறத் தொடங்கியிருந்தது. அப்பா அதை உறையோடு அலமாரியில் வைத்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். ‘உன் குதிரையைப் போடு’ என்றார்.

போட்டேன். சர்ச்சில் பேசத் தொடங்கினார்.

‘யாருல பேசுதது?’

‘சர்ச்சில்பா.’

‘ம்’ என்றார். கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு தொடங்கியது, ஓடியது, முடிந்தது. மும்பைக் கூட்டம் எழுந்து அடங்கியது. இதில் நானும் இருக்கிறேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல நினைத்துக்கொண்டே இருந்தேன். விசிலைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது.

அப்பா கண்ணைத் திறக்காமலே, ‘அந்த வெள்ளைக்காரன் பேசி முடிச்சதும் ஒருத்தன் விசிலடிக்கான் பாரு’ என்றார். ‘திருப்பிப் போடு.’

திருப்பிப் போட்டேன். சர்ச்சில் கடைசி வாக்கியத்துக்கு வந்தார். விசிலுக்கு ஒரு நொடி முன்னால் அப்பா வலது கையை லேசாகத் தூக்கினார்.